பாதியில் நிற்கும் கைவேலைகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கைவேலை தெரிந்தவர்கள் வீட்டில் ஒரே ஒரு வேலை மட்டும் நடந்துகொண்டிருப்பது அபூர்வம். கூடத்தில் ஆரிச் சட்டத்தில் கல்யாண பிளவுஸ் ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். கட்டிலுக்கு அடியில் அடிப்பாகம் மட்டும் முடிந்த ஒயர் கூடை கிடக்கும். பீரோவில், அக்கா மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கென்று தொடங்கிய குரோஷே போர்வை இருக்கும். அந்தக் குழந்தை இப்போது நடக்க ஆரம்பித்திருக்கும். பால்கனி ஓரத்தில் புது வண்ணத்துக்காகக் கொலு பொம்மைகள் காத்திருக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்கக்கூடாதா?"

அந்தக் கேள்வி நியாயமில்லை. காய்வதற்குக் காத்திருக்க வேண்டிய வேலை ஒன்று, பகல் வெளிச்சத்தில் மட்டுமே செய்யக்கூடியது ஒன்று, பேருந்தில் உட்கார்ந்து செய்யக்கூடியது ஒன்று என்று இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்திருப்பது கைக்கும் கண்ணுக்கும் நல்லது. போகப் போகத் திட்டம் மாறுவதும் கைவேலையின் இயல்பு. நூல் தீர்ந்துபோகும், அளவு மாறும், மணப்பெண் புடவையையே மாற்றிவிடுவாள். வேலை கெட்டுப்போவது இவற்றால் அல்ல. எதை எந்த இடம் வரை மாற்றலாம் என்று தெரியாமல் கைவைப்பதால்தான்.

செய்ய வேண்டியவை

தொடங்குவதற்கு முன்பே, இந்த வேலையில் திரும்ப முடியாத இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒன்று தெரிந்தால் மற்றவற்றில் பாதி தானாகவே வந்துவிடும்.

குரோஷேவைக் கடைசி வரிசை வரை பின்னிய பிறகும் பிரிக்கலாம். இழுக்க இழுக்க ஒரு வாரத்து வேலை நூலாகத் திரும்பி வரும். பஞ்சுமயிர் நீண்டு நிற்கும் நூல் மட்டும் தனக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்; அதைப் பிரிப்பது பெரும்பாடு. மற்றபடி துணிந்து மாற்ற இடம் கொடுக்கிற கலை குரோஷே. திட்டம் உறுதியாகாத யோசனைகளை இதில் முயன்று பார்க்கலாம்.

ஒயர் கூடையில் முடிச்சைப் பிரிக்க முடியும். ஆனால் மடிந்த தடம் ஒயரில் நின்றுவிடும். இரண்டாம் முறை போடும்போது முடிச்சு முன்போல இறுகி உட்காராது. இங்கே திரும்ப முடியாத இடம், ஒயரை வெட்டும் நேரம். வெட்டிய நீளம்தான் கூடையின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. குறைந்தால் ஒட்டுப் போட்டு முனையை முடிச்சுக்குள் நுழைத்து மறைக்கலாம் என்றாலும், பாரம் தூக்கும் கூடையில் அதை வரிசையாகச் செய்வது நல்லதல்ல. சிவன் கண்ணா, நெல்லிக்காயா, பிஸ்கட்டா என்பதைக் கத்திரிக்கோலை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒயரை ஒவ்வொரு அளவில் வாங்கும்.

ஆரி வேலையில் துணியின் குணத்தைப் பார்க்க வேண்டும். சங்கிலித் தையலின் கடைசி முடிச்சை எடுத்துவிட்டு இழுத்தால் வரிசை முழுவதும் சரசரவென்று பிரிந்து வரும். பருத்தித் துணி என்றால், லேசாக நனைத்து விரலால் தேய்த்ததும் ஊசித் துளைகள் ஓரளவு மூடிக்கொள்ளும். மெல்லிய பட்டில் அப்படி மூடாது. பிரித்த இடம் புள்ளி வரிசையாகக் கண்ணில் படும். ஜர்தோசியைத் துண்டு துண்டாக நறுக்கித் தைப்பதால், பிரித்தெடுக்கும்போது சுருள் இழுபட்டு நீண்டுவிடும், மறுபடி பயன்படாது. ஆகவே பட்டில் ஒரு விதி: கூட்டலாம், கழிக்கக்கூடாது. கழுத்தைச் சுற்றி வைத்த கொடி மெலிந்து தெரிகிறதா? பக்கத்தில் இன்னொரு வரிசை மணி வையுங்கள். கொடியைப் பிரித்து மாங்காய் வைக்கலாம் என்று இறங்காதீர்கள்.

தஞ்சாவூர் ஓவியம் படிப்படியாக எழுவது. பலகையில் துணியை ஒட்டி, சாக்குப் பொடியும் பசையும் கலந்து பூசி, காயவைத்துத் தேய்த்து, உருவம் வரைந்து, கல் பதித்து, மக்கால் மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டிய பிறகுதான் வண்ணத்துக்கே வருகிறோம். கோட்டில் இருக்கும்வரை கிருஷ்ணனைச் சுற்றி எத்தனை பசு என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மக்கு காய்ந்த பிறகு சுரண்ட வேண்டியிருக்கும். ரேக்கு ஒட்டிய பிறகு மாற்றத்தின் விலை தங்கத்தின் விலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில் இந்த எல்லை இன்னும் கறார். முடிச்சு கட்டிக்கொண்டிருக்கும்வரை புள்ளிகளை இடம் மாற்றலாம். துணி சாயத்தில் இறங்கிவிட்டால் இன்னும் அடர்ந்த நிறத்துக்குப் போகலாமே தவிர, வெளிர் நிறத்துக்குத் திரும்ப வழியில்லை.

இப்படி உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டால், எதில் இன்று அவசரப்படலாம், எதை நாளைக்கு யோசிக்கலாம் என்பது புரிந்துவிடும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் வேலையை மனம் தெளிவாக இருக்கிற காலை நேரத்தில் மட்டும் எடுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பை வையுங்கள். மஞ்சப்பை போதும், தமிழக அரசு 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அது இல்லாத வீடே குறைவு. பைக்குள் அந்த வேலைக்கான நூல், ஊசி, மாதிரித் துண்டு, நூல்கண்டின் லேபிள், கூடவே ஒரு அட்டை. அட்டையில் எழுத வேண்டியவை: ஊசியின் எண், எத்தனை கண்ணில் தொடங்கினீர்கள், எந்த வரிசையில் நிறுத்தினீர்கள், திட்டத்தில் இதுவரை என்ன மாற்றினீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று ஒரு வரி. "அடுத்த சுற்றில் ஒவ்வொரு ஆறாவது கண்ணிலும் ஒன்றைக் கூட்டு" என்று எழுதியிருந்தால், மூன்று மாதம் கழித்துப் பையைத் திறந்தாலும் கை உடனே வேலையில் இறங்கும். அந்த வரி இல்லாவிட்டால் முதலில் எண்ண வேண்டும், பிறகு நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். அந்தச் சலிப்பில்தான் பை மறுபடி பீரோவுக்குப் போகிறது. பாதியில் நிற்கும் வேலைகளில் பெரும்பாலானவை ஆர்வம் குறைந்ததால் நின்றவை அல்ல, எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றவை. கைபேசியில் எடுத்த படம் உதவும், ஆனால் படத்தைப் பார்த்து ஊசியின் எண்ணைச் சொல்ல முடியாது. 3.5 மில்லிமீட்டர் ஊசியில் தொடங்கிய போர்வையை 4 மில்லிமீட்டரில் தொடர்ந்தால் அந்த இடத்திலிருந்து போர்வை விரிய ஆரம்பிக்கும்.

கையில் வைத்திருக்கும் வேலைகள் வெவ்வேறு வகையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கை மட்டும் கேட்கும் வேலை ஒன்று, எண்ணிக்கையும் கவனமும் கேட்கும் வேலை ஒன்று, காய்வதற்கோ ஊறுவதற்கோ காத்திருக்கும் வேலை ஒன்று. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. நேர்வரிசைக் குரோஷேவைப் பேசிக்கொண்டே பின்னலாம். காகிதக்கூழ் பொம்மை வெயிலில் காயும் நேரத்தில் குறுக்குத் தையலை எண்ணித் தைக்கலாம். எண்ணிக்கை கேட்கும் வேலைகள் இரண்டை ஒரே காலத்தில் வைத்துக்கொண்டால்தான் இரண்டிலும் பிழை வரும். எண்ணித் தைப்பது எவ்வளவு பெரிய கவனம் என்பதற்கு நீலகிரித் தோடர் பெண்களின் பூத்தையலைச் சொல்ல வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. துணியில் கோடு வரைவதில்லை. அச்சு எதுவும் இல்லை. வெளிர் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக வடிவங்களை எழுப்புகிறார்கள். கணக்கு முழுவதும் மனதில் இருக்கிறது. அப்படிப்பட்ட வேலைக்கு அதற்கென்று ஒதுக்கிய நேரம் வேண்டும்.

இப்படி வேலைகளை வகை வகையாக வைத்திருப்பது உடம்பு வலிக்கும் மருந்து. குரோஷே மணிக்கட்டைத் திருகும். ஆரி வேலை கழுத்தையும் முதுகையும் வளைக்கும். ஒயரை இழுத்து இறுக்குவது ஆள்காட்டி விரலை அறுக்கும். ஒரே வேலையை நாள் முழுவதும் செய்வதைவிட மாற்றி மாற்றிச் செய்தால் உடம்பு தாங்கும். ஒயர் வேலைக்கு உட்காரும்போது விரலில் துணிப் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளுங்கள்.

நாள்காட்டியைப் பார்த்து வேலைகளை வரிசைப்படுத்துங்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் குவியும். பிளவுஸ் ஆர்டர்கள் அதற்கு முன்பே வந்து நிற்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. உங்கள் சொந்த வேலைகளுக்கும், புதுத் தையல் கற்பதற்கும், பாதியில் நிற்பவற்றை எடுத்துப் பார்ப்பதற்கும் உகந்த மாதங்கள் அவை இரண்டும்தான். கொலு பெரும்பாலும் புரட்டாசியில் வருவதால் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதை ஆடி வெயிலிலேயே தொடங்கிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்குப் பூச்சும் காகிதக்கூழும் மேலே காய்ந்ததுபோலத் தெரிந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், பூஞ்சையும் பிடிக்கும். அந்த மாதங்களைக் குரோஷேவுக்கும் ஒயர் கூடைக்கும் விட்டுவிடுங்கள்.

திட்டத்தை மாற்றும்போதெல்லாம் மறுபடி ஒரு மாதிரித் துண்டு போடுங்கள். தொடக்கத்தில் போட்ட மாதிரி பழைய திட்டத்துக்கானது. நூலையோ ஊசியையோ மாற்றினால் கணக்கும் மாறுகிறது. 15 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி, அதன் நடுவில் 10 சென்டிமீட்டர் அளந்து கண்களை எண்ணுங்கள். 16 கண் வந்தால் 80 சென்டிமீட்டர் அகலப் போர்வைக்கு 128 கண் வேண்டும். மெல்லிய நூலுக்கு மாறியபின் அதே 10 சென்டிமீட்டரில் 18 கண் வருகிறது என்றால், அந்த 128 கண் 71 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். குறுக்குத் தையலிலும் இதேதான். 140 கட்ட அகல வடிவம், அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் 10 அங்குலம் வரும். 16 கட்டத் துணியில் அது 8¾ அங்குலம்தான். ஏற்கெனவே வாங்கி வைத்த சட்டத்துக்கு அது பொருந்தாது. நூலின் அளவும் இப்படியே மாறும். ஆங்கர் எம்பிராய்டரி நூல் ஒரு கட்டு 8 மீட்டர், 6 இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் தைக்கலாம். பூ எடுப்பாகத் தெரியட்டும் என்று மூன்று இழைக்கு மாறினால் 16 மீட்டர்தான். நடுவில் நூல் தீர்ந்துபோவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வேலைக்கு வேண்டிய நூலை ஒரே லாட்டில், ஒரே முறையில் வாங்குங்கள். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் சாயம் ஒரு மயிரிழை மாறும். கண்டாக இருக்கும்போது தெரியாதது, பின்னிய பிறகு பட்டையாகத் தெரியும். வேறு லாட்தான் கிடைத்தது என்றால், பழைய கண்டு தீரும்வரை காத்திருக்காமல் பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னிக் கொஞ்ச தூரம் போங்கள். வேறுபாடு கலந்து மறைந்துவிடும்.

நிறத்தைப் பகலில் தேர்ந்தெடுங்கள். டியூப் லைட்டில் ஊதாவும் நீலமும் ஏமாற்றும். இரண்டு நிறம் சேர்ந்து எடுபடுமா என்ற சந்தேகம் வந்தால் நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரத்திலிருந்து வடிவம் தெரியாது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் தைரியமாக மாற்றுங்கள். சிவப்பு ஒயர் தீர்ந்து கடைசி வரிசையை மட்டும் மஞ்சளில் முடித்தால் அது பற்றாக்குறையாகத் தெரியும். அதே மஞ்சளைக் கைப்பிடியிலும் வாய் விளிம்பிலும் கொண்டுவந்தால், முதலிலிருந்தே அப்படி நினைத்துப் பின்னியதாக அமைந்துவிடும். புது நிறம் குறைந்தது இரண்டு மூன்று இடத்திலாவது திரும்ப வர வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய உடைகளை வெட்டி ஒட்டுப்போர்வைகள் தைத்துவந்தார்கள். ஒரு துணி தீர்ந்தால் கையில் கிடைத்த அடுத்த துணி. பட்டை கோணினால் கோணியபடியே அதற்கேற்ற அடுத்த பட்டை. குளிருக்காகத் தைத்த அந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் தொங்கின. பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போயின. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் வந்தன. அவற்றின் அழகே நடுவழியில் மாறிய அந்தத் திட்டங்கள்தான். நம் பாட்டிகள் பழைய சேலைகளை மடித்து மெத்தைவிரிப்பு தைத்தபோது செய்ததும் இதே வேலைதான். அதை யாரும் படமெடுத்து வைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆர்டர் எடுப்பவர்கள், மாற்றம் எதுவரை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "துணியில் டிசைன் போடும்வரை எதை வேண்டுமானாலும் மாற்றலாம். போட்ட பிறகு நிறத்தை மட்டும் மாற்றலாம். தையல் தொடங்கிய பிறகு கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிய பிறகு முன்பணம் வாங்குங்கள். தெரிந்தவர்களிடம் இப்படிப் பேசச் சங்கடமாக இருக்கும். சொல்லாமல் விட்டால் முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு வரும் சங்கடம் இதைவிடப் பெரியது. கல்யாணப் பெண்ணின் அளவு கடைசி மாதத்தில் மாறக்கூடும். பிளவுஸில் வேலைப்பாட்டுக்கு வெளியே பக்கவாட்டில் தாராளமாகத் துணி விட்டு வையுங்கள்.

முடியாது என்று தெரிந்த வேலையை வேறொன்றாக மாற்றுங்கள். பாதிப் போர்வை நான்கு பக்கம் விளிம்பு கட்டினால் தலையணை உறை ஆகும். உயரம் எழாத ஒயர் கூடை பூஜைக்குப் பூ எடுக்கப் போதும். அளவு மாறிப்போன பிளவுஸுக்கென்று வேலை செய்த கைப்பகுதிகள் இரண்டையும் சேர்த்தால் அருமையான சுருக்குப்பை. பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, தண்ணீரில் நனைத்து, கீழே சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருக்கம் பெருமளவு நேராகி மறுபடி பின்னத் தயாராகிவிடும்.

செய்யக்கூடாதவை

வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில், அதிலும் கடலோர ஊர்களில், ஊசி துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. துருக்கறை பட்டிலிருந்து போகவே போகாது. ஊசியை அட்டையில் குத்துங்கள், அல்லது நூலோடு சேர்த்துச் சிறு டப்பாவில் போடுங்கள். குரோஷேவில் கடைசிக் கண்ணை ஊக்கில் மாட்டிப் பூட்டிவிட்டு ஊசியை எடுத்துவிடலாம்.

வட்டச் சட்டத்தைத் துணியிலேயே விட்டுவிடாதீர்கள். வளையத் தடம் அழுக்கோடு சேர்ந்து பதிந்துவிடும். ஆரிச் சட்டத்தில் கட்டிய துணியை அவிழ்க்க முடியாது என்றால் இழுப்பைச் சற்றுத் தளர்த்தி, பழைய வேட்டியால் மூடி வையுங்கள். ஜரிகையும் ஜர்தோசியும் இருக்கும் துணிக்குப் பக்கத்தில் நாப்தலீன் உருண்டை வேண்டாம், ஜரிகை கறுத்துவிடும்.

ஒரு வேலையின் பையிலிருந்து இன்னொரு வேலைக்கு இரவல் எடுக்காதீர்கள். "நாலு மணிதானே" என்று எடுத்த மணியால் அந்த வேலை நாலு மணி குறைந்து நிற்கும். சென்னை பாரிமுனைச் சந்துகளில் அதே மணியைத் தேடி அலையும்போதுதான் எடுத்தது எவ்வளவு என்று தெரியும்.

இரவில், களைப்பில், கோபத்தில் பிரிக்காதீர்கள். பிழை கண்ணில் பட்டதும் கை தானாகப் பிரிக்கப் போகும். பையில் போட்டு மூடுங்கள். மறுநாள் காலையில் எடுத்து, ஆறடி தள்ளி வைத்துப் பாருங்கள். அப்போதும் உறுத்தினால் பிரிக்கலாம். கறுப்புத் துணியில் கருநீல நூல் போன்ற வேலைகளை விளக்கு வெளிச்சத்தில் தைக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். தையலைப் பிரிப்பதாக நினைத்துத் துணியின் இழையையே வெட்டிவிடுவோம்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். நிறத்தை மாற்றினால் வடிவம் அப்படியே இருக்கட்டும்; அளவை மாற்றினால் நூல் அப்படியே இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து மாறினால், எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவு நாள் செலவழித்துவிட்டோமே என்பதற்காக ஒரு வேலையைத் தொடராதீர்கள். கேட்க வேண்டியது, இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது, அது முடிந்தால் யார் பயன்படுத்துவார்கள் என்பதைத்தான். சென்னைக் குழந்தைக்குக் கனத்த போர்வை பின்னிக்கொண்டிருக்கிறோம் என்பது பாதியில்தான் உறைக்கிறது என்றால், அதைக் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருக்கும் உறவுக்காரருக்கென்று மாற்றிக்கொண்டு முடிப்பது ஒரு வழி. பிரித்து நூலாக்குவது இன்னொரு வழி. இரண்டுமே நல்ல முடிவுகள். வருஷக்கணக்கில் எதையும் முடிவு செய்யாமல் வைத்திருப்பதுதான் மனதை அரிக்கிறது. அந்தக் கனத்தில் புதிய வேலையிலும் மகிழ்ச்சி இருப்பதில்லை.

குழந்தைக்குப் பின்னும் சட்டையை இன்றைய அளவில் தொடங்காதீர்கள். வளைகாப்புக்கென்று எடுத்தது பெயர் சூட்டலுக்குப் போகும், அதையும் தாண்டிப் போகும். இரண்டு அளவு பெரிதாகவே தொடங்குங்கள். மணியும் தொங்கும் குஞ்சமும் சின்னக் குழந்தையின் துணியில் கூடவே கூடாது. அவை நேராக வாய்க்குப் போகும்.

ஆடித் தள்ளுபடியில் நிறம் பிடித்திருக்கிறது என்று மட்டும் நூல் வாங்காதீர்கள். என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்த வேலைக்கு முழு அளவையும் வாங்கலாம். தெரியாத வேலைக்கு வாங்கிய ஒற்றைக் கண்டு எதற்கும் போதாது; அதைப் போதச் செய்வதற்காகவே இன்னொரு வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.

துணி வெட்டும் கத்திரிக்கோலால் ஒயரையோ காகிதத்தையோ வெட்டாதீர்கள்.

அக்ரிலிக் நூலில் பின்னியதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள். கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டு நாம் வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். சூட்டில் அது இளகி, துவண்டு, பழைய நிலைக்குத் திரும்பாமல் போகும். இதுவும் திரும்ப முடியாத ஓர் இடம். வேலை முடிந்த பிறகு வருவதால் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஈரமாக விரித்து, அளவுக்கு இழுத்து, நிழலில் காயவிட்டால் போதும்.

ஒரே கூடைக்கு இரண்டு யூடியூப் ஆசிரியர்களைப் பின்பற்றாதீர்கள். ஒருவர் இடமிருந்து முடிச்சைத் தொடங்குவார், இன்னொருவர் வலமிருந்து. நடுவில் மாறினால் கூடையில் முடிச்சுகளின் முகம் திரும்பிவிடும். எந்தக் காணொளியைப் பார்த்தீர்கள் என்பதையும் பையில் இருக்கும் அட்டையில் எழுதுங்கள்.

அம்மாவோ பாட்டியோ பாதியில் விட்டுச்சென்ற வேலையைப் பிரித்துப் புதிதாகத் தொடங்காதீர்கள். அவர்கள் கையின் இறுக்கம் உங்களுக்கு வராது. வர வேண்டியதும் இல்லை. அவர்கள் நிறுத்திய வரிசைக்கு மேலே வேறு நிறத்தில் ஒரு வரிசை போட்டு, அங்கிருந்து உங்கள் கைப்படி தொடருங்கள். இறுக்கம் மாறுவதை அந்த நிறக்கோடு ஏற்றுக்கொள்ளும். எதுவரை அவர்கள் கை, எங்கிருந்து உங்கள் கை என்று பின்னால் வருபவர்களுக்கும் தெரியும்.

கடைசிச் சின்ன வேலைகளைக் குவித்து வைக்காதீர்கள். நூல் முனைகளைச் செருகுவது, பைக்கு உள்துணி தைப்பது, கூடைக்குக் கைப்பிடி போடுவது, பிளவுஸின் பின்பக்க முடிச்சுகளைச் சரிபார்ப்பது என்று, முடிந்துவிட்டது என்று நாம் சொல்லும் வேலைகளில் பல இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் நிற்கின்றன. நிறம் மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் அப்போதே முனையைச் செருகிவிடுங்கள். ஒரு பக்கமாகச் சில கண்கள் செருகி, அதே வழியில் திரும்பக் கொஞ்சம் செருகினால்தான் துவைத்தாலும் வெளியே வராது. கைப்பிடிக்கான ஒயரைக் கூடைக்கு ஒயர் வெட்டும் அன்றே வெட்டித் தனியாகக் கட்டி, அதே பையில் போட்டு வையுங்கள்.